கப்பிலிருந்து கிராமுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கிலோ பஞ்சு, ஒரு கிலோ இரும்பு, இரண்டில் எது கனம் என்று சிறுவயதில் கேட்டு மடக்குவார்கள். சமையலறையில் இந்தக் கேள்வி தலைகீழாக வருகிறது: ஒரு கப் பஞ்சா, ஒரு கப் இரும்பா? இப்படிக் கேட்டால் யாரும் ஏமாறமாட்டார்கள். பஞ்சின் இடத்தில் மைதாவும் இரும்பின் இடத்தில் தேனும் வந்தவுடன்தான் தடுமாறுகிறோம். "இரண்டும் ஒரு கப்தானே" என்று ஒரே எண்ணால் பெருக்கிவிடுகிறோம். அப்படிப் பெருக்கிக் கெடுத்த கேக்குகள் என் கணக்கிலும் உண்டு.

வேறு எதுவும் சொல்லாத இடங்களில், இங்கே ஒரு கப் என்பது 240 மி.லி., ஒரு மேசைக்கரண்டி 15 மி.லி., ஒரு தேக்கரண்டி 5 மி.லி.

ஒரு கப் என்றால் எத்தனை கிராம்?

எதில் ஒரு கப்? தண்ணீர் என்றால் 240 கிராம். சர்க்கரை 200. மைதா 125. தேன் 340. கப் ஒன்றுதான், இந்த நான்குக்குள்ளேயே எடை ஏறக்குறைய மூன்று மடங்கு மாறுகிறது.

கப் என்பது முகத்தல் அளவை. ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்று அது சொல்லும். கிராம் நிறுத்தல் அளவை. பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக அடர்த்தி தெரிய வேண்டும்:

கிராம் = மி.லி. × அடர்த்தி

தண்ணீரின் அடர்த்தி 1, சமையல் எண்ணெய்க்கு 0.92, பாலுக்கு 1.03, தேனுக்கு 1.42. ஆகவே அரை கப் எண்ணெய் 120 × 0.92, அதாவது 110 கிராம். திரவங்களுக்கு இந்தக் கணக்கு கச்சிதமாக வேலை செய்யும்.

தூளுக்கும் மணிக்கும் இது நேராகப் பொருந்தாது. சர்க்கரைப் படிகத்தின் அடர்த்தி 1.59. அந்தக் கணக்கில் ஒரு கப் சர்க்கரை 380 கிராம் இருக்க வேண்டும். நிறுத்துப் பார்த்தால் 200தான் வருகிறது. மீதி எங்கே போனது? எங்கும் போகவில்லை, அது சர்க்கரையாக இருந்ததே இல்லை. மணிகளுக்கு இடையில் இருப்பது காற்று. 240 மி.லி. கப்பில் சர்க்கரை பிடித்திருக்கும் இடம் 126 மி.லி. மட்டுமே. ஏறக்குறைய பாதிக் கப் காற்றை நாம் சர்க்கரை என்று எண்ணிக் கொட்டுகிறோம். மைதாவில் காற்றின் பங்கு இன்னும் அதிகம். இந்தப் பக்கத்தில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை அந்தக் காற்றிலிருந்து பிறந்தவை.

எந்தக் கப்? என்னிடம் உள்ள கப்பும் குறிப்பில் உள்ள கப்பும் ஒன்றுதானா?

அநேகமாக இல்லை. அமெரிக்கக் கப் 236.6 மி.லி.; அங்கே உணவுப் பொட்டலங்களின் ஊட்டச்சத்துப் பட்டியலில் அதையே 240 என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் மெட்ரிக் கப் 250 மி.லி. ஜப்பானில் 200. பழைய பிரிட்டிஷ் குறிப்புகளில் அரை பைண்ட் என்று வந்தால் 284. ரைஸ் குக்கருடன் வரும் பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180 மி.லி.; அதைக் கொண்டு கேக்குக்கு மாவு அளந்தவர்களை எனக்குத் தெரியும்.

240க்கும் 250க்கும் உள்ள 4 சதவீத வித்தியாசம் யாரையும் கெடுக்காது. 180க்கும் 240க்கும் உள்ளது கால் பங்கு. தேநீர் குடிக்கும் கோப்பையை அளவுக் கப்பாக எடுத்துக்கொள்வது பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அது 150 ஆகவும் இருக்கலாம், 350 ஆகவும் இருக்கலாம்.

உங்கள் கப்பின் கொள்ளளவை அறிய ஒரு நிமிடம் போதும். காலிக் கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராம்தான் மி.லி. தண்ணீர் துல்லியமாக 1 கிராம் காட்டுவது 4 டிகிரி செல்சியஸில். 30 டிகிரியில் அது 0.996. சமையலுக்கு அந்த வித்தியாசத்தை மறந்துவிடலாம். விளிம்புக்கு மேல் தண்ணீர் லேசாகப் புடைத்து நிற்கும். அந்தப் புடைப்பு வருவதற்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கரண்டிகளும் நாட்டுக்கு நாடு மாறுமா?

தேக்கரண்டி எங்கும் 5 மி.லி.தான். மேசைக்கரண்டி 15. ஆஸ்திரேலியாவில் மட்டும் அது 20, அதாவது நான்கு தேக்கரண்டி. ஆஸ்திரேலியக் குறிப்பில் "2 மேசைக்கரண்டி பேக்கிங் பவுடர்" என்றால் நீங்கள் போடுவதற்கும் அவர்கள் நினைத்ததற்கும் 10 மி.லி. வேறுபாடு வரும்.

மைதா ஒரு கப் 120 கிராம் என்று ஒருவர் சொல்கிறார், 150 என்று இன்னொருவர் சொல்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும் சரி, அதுதான் தொல்லை.

மாவைக் கரண்டியால் மெல்ல அள்ளிக் கப்பில் தூவி, கத்தி முதுகால் தலைதட்டினால் 120 முதல் 125 கிராம் வரும். கப்பையே மாவு டப்பாவுக்குள் அழுத்தி அள்ளித் தலைதட்டினால் 145, 150 என்று போகும். அள்ளிய பிறகு கப்பை மேடையில் இரண்டு தட்டுத் தட்டினால், மாவு இறங்கி, மேலே இன்னும் கொஞ்சம் பிடிக்கும். சலித்த மாவை அளந்தால் 115க்குக் கீழேயும் இறங்கலாம். அதே மாவு, அதே கப், அதே கை. மாறுவது உள்ளே சிக்கிய காற்று மட்டுமே.

இதன் விளைவை ஒரு ரொட்டிக் குறிப்பில் பாருங்கள்: மூன்று கப் மாவு, ஒரு கப் தண்ணீர். தூவி அளந்தவர் போட்டது 375 கிராம் மாவு. தண்ணீர் 240 கிராம், மாவில் 64 சதவீதம். அந்தப் பிசைவு மென்மையாக, கையில் சற்றே ஒட்டிக்கொண்டு வரும். அழுத்தி அள்ளியவர் போட்டது 450 கிராம். தண்ணீர் 53 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. பிசைய முழங்கை வலிக்கும், ரொட்டி கல்லாக வரும். இருவருமே குறிப்பை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியவர்கள்.

நான் முதன்முதலில் சுட்ட கேக்கைக் கத்தி வெட்ட மறுத்தது. ஓவன் சரியில்லை என்று முடிவு கட்டி, வெப்பநிலையை மாற்றி இன்னும் இரண்டு கேக்குகளைக் கெடுத்தேன். பல மாதங்கள் கழித்துத் தராசு வாங்கிய அன்றுதான் தெரிந்தது, நான் "ஒரு கப்" என்று அள்ளிக்கொண்டிருந்தது 158 கிராம் என்று. ஓவன்மீது பழி போட்டதற்கு இன்றும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

குறிப்பை எழுதியவர் எந்த முறையில் அளந்தார் என்று அதிலேயே இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இல்லாவிட்டால் 125 என்று வைத்துத் தொடங்குங்கள். மாவு குறைந்தால் பிசையும்போது சேர்த்துக்கொள்ளலாம். அதிகமானால் எடுக்க முடியாது.

பொதுவான பொருள்களுக்கு ஓர் அட்டவணை தர முடியுமா?

தருகிறேன். தூள்களுக்கும் மணிகளுக்கும் இவை ஏறத்தாழ என்றே கொள்ளுங்கள். எல்லாம் 240 மி.லி. கப்புக்கு, தலைதட்டி அளந்தது.

தண்ணீர்: 240 கிராம்
பால்: 247
தயிர்: 245
எண்ணெய்: 220
வெண்ணெய்: 227
தேன்: 340
சர்க்கரை: 200
பொடித்த சர்க்கரை: 120
பழுப்புச் சர்க்கரை, அழுத்தி நிரப்பியது: 215
மைதா, தூவி நிரப்பியது: 125
கோகோ தூள்: 85
ஓட்ஸ்: 90
அரிசி, வேகாதது: 185 முதல் 200

250 மி.லி. கப் என்றால் இவற்றை 1.04ஆல் பெருக்குங்கள், 200 மி.லி. என்றால் 0.83ஆல்.

பழுப்புச் சர்க்கரைக்கு மட்டும் "அழுத்தி" என்று ஏன் போட்டேன் என்றால், அது ஈரமாக இருக்கும். தன்னால் சீராக அமராது, கட்டி கட்டியாக நிற்கும். கப்பைக் கவிழ்த்தால் மணல் வீடுபோல் அப்படியே நிற்க வேண்டும் என்பது கப் கணக்கில் அளப்பவர்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு. மைதாவுக்கும் அப்படி ஓர் உடன்பாடு வந்திருந்தால் முந்தைய கேள்வியே எழுந்திருக்காது.

"8 அவுன்ஸ்" என்று குறிப்பில் இருக்கிறது. அது எடையா, கொள்ளளவா?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். அவுன்ஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு அளவுகள் உலவுகின்றன. எடை அவுன்ஸ் 28.35 கிராம். திரவ அவுன்ஸ் கொள்ளளவைக் குறிப்பது. அதுவும் அமெரிக்காவில் 29.57 மி.லி., பிரிட்டனில் 28.41 மி.லி.

குழப்பத்தின் வேர் தண்ணீரில் இருக்கிறது. 1824இல் பிரிட்டன் காலன் என்ற தன் முகத்தல் அளவையை, 10 பவுண்டு தண்ணீர் பிடிக்கும் அளவாக வகுத்தது. 10 பவுண்டு என்பது 160 அவுன்ஸ்; அந்தக் காலனிலும் 160 திரவ அவுன்ஸ். ஆகவே ஒரு திரவ அவுன்ஸ் தண்ணீரின் எடை ஒரு அவுன்ஸ். தண்ணீரை மட்டும் அளந்துகொண்டிருந்தால் இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதில் தவறே இல்லை. அமெரிக்கா 231 கன அங்குலம் கொண்ட அதற்கும் முந்தைய காலனையே வைத்துக்கொண்டதால் அங்கே கணக்கு சற்று விலகி நிற்கிறது.

தண்ணீரை விட்டு வெளியே வந்தால் இந்த ஒற்றுமை உடைகிறது. 8 திரவ அவுன்ஸ் தேன் எடையில் 12 அவுன்ஸ். 8 திரவ அவுன்ஸ் கொள்ளும் கப்பில் மைதா வெறும் நாலரை அவுன்ஸ்கூட வராது. "8 அவுன்ஸ் மைதா" என்று குறிப்பில் இருந்து, ஒரு கப் என்பது 8 அவுன்ஸ்தானே என்று ஒரு கப் போட்டால், தேவையான 227 கிராமுக்குப் பதில் 125 கிராம் போட்டிருப்பீர்கள்.

நான் பின்பற்றும் வழி இது: மாவு, சாக்லேட், இறைச்சி, பாலாடைக்கட்டி போன்ற திடப் பொருளுக்கு அவுன்ஸ் என்று வந்தால் எடை; தண்ணீர், பால், பழச்சாறு என்றால் கொள்ளளவு. தேன், தயிர் போன்ற நடுவில் நிற்கும் பொருள்களுக்குக் குறிப்பின் மற்ற வரிகளைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான்.

இணையத்தில் உள்ள மாற்றிகளை நம்பலாமா?

ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். எந்தப் பொருள் என்று கேட்காமலேயே கப்பைக் கிராமாக மாற்றித் தருகிறதா? அப்படியென்றால் அது எல்லாவற்றையும் தண்ணீர் என்று எடுத்துக்கொள்கிறது. மூடிவிடுங்கள். பொருளைக் கேட்கும் மாற்றி என்றால், மைதா ஒரு கப்புக்கு என்ன எண் தருகிறது என்று பாருங்கள். "125.16 கிராம்" என்று தசமப் புள்ளியோடு வந்தால் சிரித்துக்கொண்டே 125 என்று எழுதிக்கொள்ளுங்கள். 25 கிராம் ஏற்றத்தாழ்வு இருக்கும் இடத்தில் 0.16 கிராம் என்பது வெறும் அலங்காரம்.

இவற்றைவிட நம்பகமான இடம் ஒன்று உங்கள் அலமாரியிலேயே இருக்கலாம். சில பொட்டலங்களின் ஊட்டச்சத்துப் பட்டியலில் ஒரு பரிமாறலின் அளவைக் கப்பாகவும் கிராமாகவும் சேர்த்தே அச்சிட்டிருப்பார்கள். கால் கப் 30 கிராம் என்று இருந்தால் அந்த மாவு ஒரு கப் 120 கிராம். உங்கள் கையில் உள்ள அதே மாவுக்கு உற்பத்தியாளரே தந்த எண் அது.

என் தராசில் மி.லி. என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அது போதாதா?

தராசுக்கு எடை மட்டும்தான் தெரியும். மி.லி. பொத்தானை அழுத்தினால் அது கிராமைத் தண்ணீரின் அடர்த்தியால் வகுத்துக் காட்டுகிறது. சிலவற்றில் பாலுக்கென்று தனி அமைப்பு இருக்கும். எண்ணெயை ஊற்றி 100 மி.லி. என்று அது சொன்னால், உண்மையில் 109 மி.லி. ஊற்றியிருக்கிறீர்கள். தேனில் பிழை இன்னும் பெரிது: 100 என்று காட்டும்போது கிண்ணத்தில் இருப்பது 70 மி.லி. மட்டுமே. கிராமிலேயே வைத்துவிட்டு அந்தப் பொத்தானை மறந்துவிடுங்கள்.

எப்படிப்பட்ட தராசு வேண்டும்? அதை எப்படிப் பயன்படுத்துவது?

ஐந்து கிலோ வரை தாங்கி, ஒரு கிராம் துல்லியத்தில் காட்டும் சாதாரண டிஜிட்டல் தராசு போதும். அதில் "டேர்" என்றோ பூஜ்ஜியம் என்றோ ஒரு பொத்தான் இருக்கும். தராசு வைத்திருப்பதன் சுகமே அதுதான். கிண்ணத்தை வையுங்கள், பூஜ்ஜியம். மாவு 250, பூஜ்ஜியம். சர்க்கரை 150, பூஜ்ஜியம். பால் 200. ஒரே கிண்ணம், கழுவ ஒரு கப்பும் இல்லை. எடை முறையின் துல்லியத்தைப் பற்றி எவ்வளவோ பேசலாம். என்னை மாற்றியது பாத்திரம் கழுவும் வேலை குறைந்ததுதான்.

ஒட்டும் பொருள்களைத் தலைகீழாக நிறுக்கலாம். தேன் பாட்டிலைக் கரண்டியோடு அப்படியே தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். கரண்டியால் எடுத்து மாவில் விடுங்கள். பாட்டிலைத் திரும்ப வைத்தால் தராசு −60 என்று காட்டும்; 60 கிராம் போயிருக்கிறது. கப்பில் ஒட்டிக்கொண்ட தேனை வழித்தெடுக்கும் வேலை இல்லை. கரண்டியில் ஒட்டியிருப்பதையும் அது கணக்கில் சேர்த்துவிடும் என்பதால் கரண்டியைப் பாட்டிலுக்குள்ளேயே திரும்ப விட்டு நிறுங்கள்.

ஒரு பலவீனம் உண்டு. பல தராசுகள் மிக மெதுவாக ஏறும் எடையைக் கவனிக்காது. உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் பூஜ்ஜியத்திலேயே நின்றுகொண்டிருக்கும். அதைத் தராசின் குறை என்று எண்ணி இன்னும் தூவினால் குழம்பு கடல்நீராகிவிடும். ஒரு சிறு தட்டில் மொத்தமாகப் போட்டு நிறுத்து, பிறகு சேருங்கள்.

உப்பு, ஈஸ்ட், சமையல் சோடா போன்றவற்றையும் நிறுக்க வேண்டுமா?

ஒரு கிராம் துல்லியமுள்ள தராசில் 2 கிராம் ஈஸ்ட்டை நிறுத்தால், உண்மையில் அது ஒன்றரையாகவும் இருக்கலாம், இரண்டரையாகவும் இருக்கலாம். இங்கே கரண்டியே மேல். ஐந்து கிராமுக்குக் கீழே நான் கரண்டியைத்தான் எடுக்கிறேன், 0.1 கிராம் காட்டும் சிறு தராசு வைத்திருப்பவர்களுக்கு இந்த விதி வேண்டாம்.

ஒரு தேக்கரண்டிக்கான எடைகள்: உலர்ந்த உடனடி ஈஸ்ட் 3 கிராம், பேக்கிங் பவுடர் 4 முதல் 4.5, சமையல் சோடா 5, பொடி உப்பு 6.

உப்பில் மட்டும் கரண்டியையும் நம்பாதீர்கள். பொடி உப்பு தேக்கரண்டிக்கு 6 கிராம் என்றால், செதில் செதிலாக வரும் உப்பு 3 கிராம்வரை இறங்கும். செதில்களுக்கு இடையில் அவ்வளவு காற்று. குறிப்பை எழுதியவர் செதில் உப்பைக் கொண்டு "ஒரு மேசைக்கரண்டி" என்று எழுதியிருந்து, நீங்கள் பொடி உப்பைப் போட்டால், உப்பு சரியாக இரண்டு மடங்கு. கிராமில் எழுதியிருந்தால் எந்த உப்பைப் போட்டாலும் உவர்ப்பு ஒன்றேதான்.

சிறு அளவைத் துல்லியமாக எடுக்க ஒரு தந்திரம் உண்டு. 1 கிராம் ஈஸ்ட் வேண்டும் என்று வையுங்கள். 5 கிராம் ஈஸ்ட்டை 45 கிராம் தண்ணீரில் நன்றாகக் கலக்குங்கள். அந்தக் கலவையில் 10 கிராம் எடுத்தால் அதற்குள் 1 கிராம் ஈஸ்ட் இருக்கும். கூடவே வந்த 9 கிராம் தண்ணீரைக் குறிப்பின் தண்ணீரில் கழித்துக்கொள்ளுங்கள். எடுப்பதற்கு முன் மறுபடி கலக்க மறக்க வேண்டாம், ஈஸ்ட் அடியில் தங்கிவிடும்.

வெண்ணெயை உருக்கினால் எடை மாறுமா?

மாறாது. இடம்தான் கொஞ்சம் அதிகமாகப் பிடிக்கும். கொதிக்கவிட்டு அதிலுள்ள நீர் ஆவியாகிப் போனால் மட்டும் எடை குறையும். அமெரிக்கக் குறிப்புகளில் வரும் "ஒரு ஸ்டிக்" என்பது 113 கிராம், அரை கப்.

"நறுக்கிய அக்ரூட் ஒரு கப்" என்பதும் "அக்ரூட் ஒரு கப், நறுக்கவும்" என்பதும் ஒன்றா?

இல்லை. முதலாவதில் நறுக்கிவிட்டு அளக்கிறோம். துண்டுகள் நெருங்கி அமரும், அதிகம் பிடிக்கும். இரண்டாவதில் முழுப் பருப்பாக அளந்துவிட்டு நறுக்குகிறோம். பருப்புகளுக்கு இடையில் இடைவெளி அதிகம், எடை குறையும். மாவைச் சலிப்பதிலும் எது முதலில் என்பதுதான் கணக்கு; அங்கே மட்டும் சலித்துவிட்டு அளந்தால் எடை குறையும். எழுதுபவர்களே சில நேரம் இதைக் கவனிக்காமல் மாற்றி எழுதிவிடுவார்கள் என்பது வேறு கதை.

கீரை, இலைகள் விஷயத்தில் கப் என்ற அளவு கிட்டத்தட்ட கேலிக்கூத்து. பச்சைப் பசலை இலை ஒரு கப் 30 கிராம். வேகவைத்தது ஒரு கப் 180 கிராம். ஆறு மடங்கு. அரிசி இதற்கு எதிர்த் திசையில் போகும்: வேகாத அரிசி ஒரு கப் வெந்தபின் ஏறத்தாழ மூன்று கப் ஆகும், அந்த ஒவ்வொரு கப்பும் 160 கிராம் அளவில் இருக்கும். கலோரி கணக்குப் பார்ப்பவர்கள் வேகாத எடைக்கான எண்ணை வெந்த எடைக்குப் போட்டுவிட்டு, தாம் அளவுக்கு மீறிச் சாப்பிட்டதாகக் கவலைப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

முட்டை?

பெரிய முட்டை ஓடு நீங்க 50 கிராம். வெள்ளை ஏறத்தாழ 33, மீதி மஞ்சள். முட்டை சிறியதாக இருந்தால் எண்ணிக்கையை விட்டுவிட்டு எடையைப் பாருங்கள்.

தராசே இல்லை. குறிப்போ முழுக்கக் கிராமில் இருக்கிறது. என்ன செய்வது?

கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 300 கிராம் மைதா வேண்டும்; 300 ÷ 125 = 2.4 கப். அந்த 0.4 கப் என்பது 96 மி.லி., அதாவது ஆறு மேசைக்கரண்டியும் இன்னும் கொஞ்சமும். இந்த எண்ணுக்குத் தூவி நிரப்புவது கட்டாயம். அழுத்தி அள்ளினால் 125 என்று வகுத்ததற்குப் பொருளே இல்லை.

பிரிக்காத பொட்டலம் இருந்தால் அதுவே நல்ல எடைக்கல். 500 கிராம் மாவை அகலமான தட்டில் சமமாகப் பரப்பி நான்காகக் கோடு போட்டால் ஒவ்வொன்றும் 125. வெண்ணெய்க் கட்டியையும் இப்படியே பாதி, பாதியில் பாதி என்று வெட்டலாம். கட்டியாக இல்லாத வெண்ணெய் என்றால், கப்பில் பாதி தண்ணீர் ஊற்றி, நீர்மட்டம் முழுக் கப்பைத் தொடும் வரை வெண்ணெயை அமுக்குங்கள். உள்ளே போனது 120 மி.லி., ஏறத்தாழ 110 கிராம். வெண்ணெய் மிதக்கும், விரலால் அமுக்கிப் பிடிக்க வேண்டும்.

பொறுமை உள்ளவர்களுக்கு இன்னொன்று. துணி மாட்டும் ஹேங்கரின் இரு முனைகளிலும் ஒரே மாதிரிப் பைகளைத் தொங்கவிடுங்கள். ஒன்றில் 250 மி.லி. தண்ணீர், மற்றதில் ஹேங்கர் சமமாக நிற்கும் வரை மாவு. 250 கிராம் தயார். இதை நான் ஒரே ஒரு முறை செய்தேன். மறுநாள் தராசு வாங்கினேன்.

எடை பார்த்தால் எப்போதும் ஒரே மாதிரி வருமா?

எடை முறையைப் புகழ்பவர்கள் சொல்லாமல் விடும் ஒன்று இது. மாவுக்குள்ளேயே ஈரம் இருக்கிறது. அதன் எடையில் 14 சதவீதம் வரைகூட நீராக இருக்கலாம். மழைக்காலத்தில் திறந்து வைத்த மாவு இன்னும் ஈரத்தை இழுக்கும், வறண்ட காற்றில் இழக்கும். நீங்கள் நிறுத்த 500 கிராமில் அந்த நீரும் சேர்த்திதான். ஆகவே கடைசிக் கரண்டித் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, பிசைவைத் தொட்டுப் பார்த்தே சேர்க்க வேண்டும். கப் முறையில் இந்தப் பிழையோடு அள்ளும் பிழையும் சேர்ந்துகொள்ளும். தராசு இரண்டாவதை மட்டும் ஒழிக்கிறது. இரண்டில் அதுதான் பெரியது.

கப் கணக்கே போதும் என்ற இடங்கள் இல்லையா?

நிறைய உண்டு. குறிப்பு விகிதமாக இருந்தால், எல்லாவற்றையும் ஒரே கப்பால் அளக்கும்வரை, அது எந்தக் கப் என்பது முக்கியமே அல்ல. ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் என்றால் வாளியால் அளந்தாலும் ஒன்றுக்கு இரண்டுதான். சூப், குழம்பு, சாலட் போன்றவற்றில் 20 கிராம் கூடினால் குறைந்தால் நாக்கு கண்டுபிடித்துச் சரிசெய்துகொள்ளும். ஓவனுக்குள் போய்விட்டதைச் சரிசெய்ய முடியாது, அதற்குத்தான் தராசு. "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்கிறது பழமொழி. எதால் அளந்து என்று அது சொல்லாததால், நாம் இடம் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.

என் பழைய குறிப்புகளை எல்லாம் கிராமுக்கு மாற்றி எழுத வேண்டுமா?

எல்லாவற்றையும் அல்ல, ஓவனுக்குப் போகும் குறிப்புகளை மட்டும். அதையும் அட்டவணையைப் பார்த்து மாற்றாதீர்கள். அடுத்த முறை வழக்கம்போல் அதே கப்பால், அதே பழக்கத்தில் அள்ளுங்கள். கிண்ணத்தை மட்டும் தராசின்மேல் வைத்துவிடுங்கள். ஒவ்வொன்றையும் கொட்டியபின் வந்த எண்ணை ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். பலகாரம் நன்றாக வந்தால் அந்த எண்கள்தான் உங்கள் குறிப்பு, அட்டவணை என்ன சொன்னாலும் சரி. உங்கள் கை அழுத்தி அள்ளும் கை என்றால், அந்த அழுத்தமும் எண்ணுக்குள் வந்துவிடும்.

வீட்டில் மூத்தவர்கள் எழுதி வைத்த குறிப்பு என்றால் வேலை வேறு. அதில் "ஒரு கப்" என்பது அவர்கள் கைக்கு எட்டிய ஏதோ ஒரு பாத்திரம். அது இன்னும் உடையாமல் இருந்தால் இன்றே தண்ணீர் ஊற்றி அளந்து, குறிப்பின் தலைப்பிலேயே எழுதுங்கள். முடிந்தால் அவர்களையே அதில் ஒரு முறை மாவு அள்ளச் சொல்லி நிறுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் உள்ள ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "நீலக் கப், காது உடைந்தது. தண்ணீர் 210. மைதா 128."